அப்பாவின் தோளை உருவிவிடலாமா? பாலக்கோட்டுத் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி சுருக்கமாக இது: "அப்பாவுக்கு 57 வயது. பாலக்கோடு பக்கம் தக்காளியும் சாமந்தியும் போடுகிறார். எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் வண்டி சறுக்கி வலது தோள் அடிபட விழுந்தார். எக்ஸ்ரேயில் எலும்பு முறியவில்லை என்றார்கள். ஊரில் கட்டுப் போடுகிறவரிடம் மூன்று வாரம் கட்டோடு இருந்தார். இப்போது கை தோளுக்கு மேல் போகவில்லை, ராத்திரி தூக்கமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் கூட்டிப்போய் எண்ணெய் போட்டு நன்றாக உருவி இழுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் பெரியப்பா. பிசியோதெரபி என்றால் கரண்ட் வைத்துவிட்டுப் பணம் வாங்குவார்கள், அவ்வளவுதான் என்கிறார் மாமா. அம்மாவுக்கும் முழங்கால் வலி. நான் ஓசூரில் வேலையில் இருக்கிறேன். எங்கே கூட்டிப்போவது? ஆயுத பூஜைச் சாமந்திக்குள் கை சரியாகிவிடுமா?"

தம்பி, ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போய் வாருங்கள். அப்பா அருவியில் குளிக்கட்டும், மீன் வறுவல் சாப்பிடட்டும். முதுகிலும் காலிலும் எண்ணெய் தேய்த்துக்கொள்ள ஆசைப்பட்டால் அதுவும் சரி. அந்த வலது தோளை மட்டும் யாரும் பிடித்து இழுக்க விடாதீர்கள். தோளுக்குள் என்ன ஆகியிருக்கிறது என்பது இன்னும் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். அந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

நான் தருமபுரியில் இருபது ஆண்டுக்கும் மேலாகப் பிசியோதெரபி பார்க்கிறேன். இந்தக் கேள்வி மாதத்துக்கு நாலு தடவை வருகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அப்பாவைக் கட்டிலில் மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முழங்கையிலிருந்து கையை மேல்நோக்கி மடக்கி நிறுத்துங்கள், விரல்கள் கூரையைப் பார்க்க வேண்டும். இப்போது முழங்கை விலாவை விட்டு விலகாமல், அவருடைய கையை நீங்கள் மெதுவாக வெளிப்பக்கம் சாய்க்க வேண்டும். அவர் தசையை இறுக்காமல் சும்மா இருக்கட்டும். முதலில் இடது கையில் செய்து எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு வலது கை. வலது கை பாதியிலேயே, பூட்டின கதவு மாதிரி நின்றுவிட்டதா? அப்படியென்றால் மூட்டே இறுகிப்போயிருக்கிறது. இல்லை, நீங்கள் பிடித்து நகர்த்தினால் கை தாராளமாகப் போகிறது, அவராகத் தூக்கச் சொன்னால்தான் ஏறவில்லை என்றால் தூக்குகிற தசைநாண் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த இரண்டாவது விஷயத்தை எங்கள் பக்கம் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். தோள்மூட்டைச் சுற்றி நாலு தசைகளின் நாண்கள் ஒன்றாகச் சேர்ந்து தொப்பி மாதிரி கவிந்திருக்கின்றன. ரொட்டேட்டர் கஃப் என்று சொல்வோம். நாற்பது வயதுக்கு மேல் அது ஏற்கெனவே தேய்ந்திருக்கும், ஒரு விழுதலில் அறுந்துவிடலாம். எக்ஸ்ரேயில் இது தெரியாது, ஏனென்றால் எக்ஸ்ரே எலும்பைத்தான் நன்றாகக் காட்டும். "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை" என்றால் எலும்பு முறியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். அறுந்த நாணைப் பல மாதம் அப்படியே விட்டால் அது உள்ளே சுருங்கிப் போகும், தசை கொழுப்பாக மாறும், பிறகு தைப்பதும் கடினம். ஆகவே அப்பா தானாகக் கையைத் தூக்க முடியாத வகை என்றால், இந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பார்த்துத் தோளுக்கு ஒரு அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ எடுத்துவிடுங்கள். இதில் தள்ளிப்போட வேண்டாம்.

மூட்டு இறுகின முதல் வகையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தோள் பின்பக்கமாக நழுவி அப்படியே சிக்கிக்கொள்வது உண்டு. அபூர்வம்தான், ஆனால் நேர் எதிரே நின்று எடுத்த ஒரே எக்ஸ்ரேயில் அது சரியாக இருப்பது போலவே தெரிந்து ஏமாற்றிவிடும். அப்போதும் கை வெளிப்பக்கம் திரும்பாது. அதனால் பழைய படத்தைக் கையோடு எடுத்துப் போய், "பக்கவாட்டுப் படம் எடுத்தீர்களா?" என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் ஒன்று எடுக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. நழுவின தோளை யாராவது எண்ணெய் போட்டு உருவி முறுக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இரண்டும் இல்லை என்று தெரிந்தால் மிச்சம் இருப்பது ஃப்ரோசன் ஷோல்டர். எனக்கு அதிகம் சந்தேகம் இதன் மேல்தான். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. அதிலும் அடிபட்டு மூன்று வாரம் கையைக் கட்டி வைத்திருந்தால் சொல்லவே வேண்டாம். மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. கை எல்லாப் பக்கமும் சுழல்வதற்காக அந்த உறை தளர்ந்து, கீழே மடிப்பு மடிப்பாகத் தொங்கும். அது வீங்கி, தடித்து, மடிப்புகள் ஒட்டிச் சுருங்குவதுதான் இந்த நோய். முதல் சில மாதம் வலி அதிகம், முக்கியமாக ராத்திரி. அடுத்த கட்டத்தில் வலி குறைந்து இறுக்கம் மட்டும் நிற்கும். மூன்றாவது கட்டத்தில் மெல்ல மெல்ல இளகும். மொத்தமாக ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம் வரைகூட ஆகலாம். இதைச் சொன்னால் வருகிறவர்கள் முகம் வாடிவிடுகிறது, எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்து நாளில் சரியாகும் என்று சொல்கிற எவரையும் நம்பி அப்பாவைக் கொண்டுபோய் விடாதீர்கள்.

இப்போது பெரியப்பா சொல்வதற்கு வருகிறேன். அவர் முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன். எண்ணெய் போட்டு நீவிவிட்டால் வலி குறைவது உண்மை. தோலில் மிதமான அழுத்தம் பட்டாலே வலிச் செய்தி மூளைக்குப் போவது மட்டுப்படுகிறது. இறுகிக் கிடக்கிற தசை தளர்கிறது. ஒரு மனிதர் அக்கறையோடு தொடுவதே பாதி ஆறுதல். தோள் வலிக்கிறவர்கள் கையைத் தூக்குவதற்குக் கழுத்துப் பக்கத் தசையை இழுத்துப் பிடித்தே வேலை செய்வார்கள், அந்த இடம் கல் மாதிரி ஆகிவிடும். அங்கே, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில், முதுகுப் பட்டைக்கு மேல் பத்து நிமிடம் மெதுவாக நீவிவிடுங்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன். அதற்குப் பிறகு பயிற்சி செய்தால் கை இன்னும் இரண்டு விரற்கடை அதிகமாகப் போகும்.

ஆனால் மசாஜ் ஒட்டிப்போன உறையைப் பிரிக்காது. அது தோலுக்கும் தசைக்கும் அடியில், ஆழத்தில் இருக்கிறது. "வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்" என்று ஒருவர் காலை விலாவில் ஊன்றிக் கையை இழுப்பார், பாருங்கள், அதுதான் ஆபத்து. வலி இருக்கிற கட்டத்தில் அப்படி இழுத்தால் உறையில் வீக்கம் இன்னும் ஏறும். அன்றைக்குக் கை கொஞ்சம் இளகின மாதிரி தெரியும், நாலு நாளில் முன்னைவிட இறுகிவிடும். நடு வயது தாண்டியவர், எலும்பு மெலிந்தவர் என்றால் எலும்பே உடையலாம்.

நம் சித்த மருத்துவத்தில் இந்த உருவுதலுக்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலாக ஒன்பது வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அத்தனை வகை வைத்ததற்கே காரணம், ஒருவருக்கு ஒத்துவருவது இன்னொருவருக்கு ஒத்துவராது என்பதுதான். முறையாகப் படித்த சித்த மருத்துவர் முதலில் கேள்வி கேட்பார், நாடி பார்ப்பார், பிறகுதான் எந்த வகை என்று முடிவு செய்வார். படிக்காமல் கையை மட்டும் பழக்கிக்கொண்டவர் வருகிற எல்லோருக்கும் ஒரே உருவுதல்தான் போடுவார்.

மாமாவுக்கும் ஒரு பதில் உண்டு. மசாஜும் பிசியோதெரபியும் இரண்டு எதிரிக் கட்சி என்று அவர் நினைக்க வேண்டாம். 1894-இல் லண்டனில் நாலு செவிலியர்கள் சேர்ந்து, பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்று பிரிட்டனில் இருக்கிற பிசியோதெரபிஸ்டுகளின் அமைப்பு அதிலிருந்து வளர்ந்ததுதான். எங்கள் தொழிலின் தாய்வீடே மசாஜ். போலியோவும் உலகப் போர்களும் வந்த பிறகு, தொட்டுத் தேய்ப்பது மட்டும் போதாது, நோயாளியைத் தானாக அசையவைக்க வேண்டும் என்று புரிந்தது. இந்தியாவிலும் 1952-இல் பம்பாயில் போலியோ பரவிய பிறகுதான் அங்கே கேஇஎம் மருத்துவமனையில் பிசியோதெரபிப் பள்ளி வந்தது.

கரண்ட் விஷயத்தில் மாமா பாதி சரி. ஐஎஃப்டி, டென்ஸ் என்கிற கரண்ட் வைத்தியங்கள், அல்ட்ராசவுண்ட் ஒலியலை வைத்தியம், மெழுகு ஒத்தடம் எல்லாம் வலியைக் கொஞ்ச நேரம் குறைக்கும். அவை பயிற்சிக்குக் கதவைத் திறந்துவிடுகிற வேலை செய்யும், அவ்வளவுதான். ஒரு மையத்துக்குப் போய், அரைமணி நேரம் இயந்திரத்தை ஒட்டிவிட்டு, யாரும் கையைத் தொட்டுப் பார்க்காமல், எந்தப் பயிற்சியும் சொல்லித்தராமல் பத்து நாள் அனுப்பினால், அந்த இடத்தை விட்டு வெளியே வாருங்கள். இன்னொன்று, இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இந்தக் கரண்ட் வைத்தியம் கூடாது. உடம்பில் கம்பி, பிளேட் இருந்தால் அந்த இடத்தில் ஷார்ட்வேவ் சூடு கூடாது. யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

அப்பாவுக்கு என்ன பயிற்சி என்பதை இப்போது சொல்கிறேன். இது ஃப்ரோசன் ஷோல்டர் என்று மருத்துவர் சொன்ன பிறகு செய்ய வேண்டியது. நாண் அறுந்திருந்தால் இது அல்ல.

கட்டில் விளிம்பிலோ திண்ணையிலோ இடது கையை ஊன்றிக் குனிந்து நிற்கட்டும். வலது கை கிணற்றுக் கயிறு மாதிரி சும்மா தொங்க வேண்டும். உடம்பை முன்னும் பின்னும் லேசாக ஆட்டினால் கை தானாக ஆடும், வட்டமும் போடும். கையை ஆட்ட முயற்சி செய்யக் கூடாது, உடம்புதான் ஆட்ட வேண்டும். இரண்டு நிமிடம், ஒரு நாளைக்கு நாலு வேளை. அடுத்து மல்லாந்து படுத்து, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் மடித்த துண்டு ஒன்றை வைத்து, இரண்டு கையாலும் ஒரு குடைக் கம்பைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் தள்ளி வலது கையை வெளிப்பக்கம் சாய்க்க வேண்டும். நின்ற இடத்தில் பதினைந்து எண்ணிக்கை நிறுத்தி விடுவது, பத்துத் தடவை. நான் முதலில் சோதிக்கச் சொன்னேனே, அதே அசைவுதான். ஃப்ரோசன் ஷோல்டரில் இந்த அசைவுதான் அதிகமாகப் போயிருக்கும். மூன்றாவது, சுவரைப் பார்த்து நின்று விரல்களால் எறும்பு மாதிரி மேலே ஏறுவது. எட்டிய இடத்தில் ஒரு கரிக்கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். இந்தக் கோடு ரொம்ப முக்கியம். வலி ஏறி இறங்கும்போது மனசு உடைந்துவிடும், சுவரில் இருக்கிற கோடு மட்டும் மெல்ல மெல்ல மேலே போய்க்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியும். என்னிடம் வந்த ஒரு பாட்டி வீட்டுச் சுவர் முழுக்கக் கோடாக இருந்தது, பேரனைப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கக்கூட விடவில்லை.

வலிக்கு ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு நாலு என்கிற அளவில் இழுக்கிற வலி இருக்கலாம், அது அரைமணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிட வேண்டும். அன்றைக்கு ராத்திரி வலி கூடினால் பகலில் செய்தது அதிகம் என்று அர்த்தம், மறுநாள் பாதியாகக் குறைத்துக்கொள்ளட்டும். நிறுத்தக் கூடாது. பயிற்சிக்கு முன் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். ஆனால் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் தோலில் சூடு சரியாக உறைக்காமல் போகலாம். துணியை அம்மா தன் கையில் வைத்துப் பார்த்துவிட்டு வைக்கட்டும். ஒத்தடத்தில் கொப்புளம் வந்து, அது ஆறாமல், தோள் வலியை மறந்துவிட்டுப் புண்ணுக்கு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தூங்கும்போது இடது பக்கம் ஒருக்களித்து, வலது கைக்குக் கீழே ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்தால் தூக்கம் கொஞ்சம் வரும்.

ஆரம்பக் கட்டத்தில் வலி தாங்கவில்லை என்றால் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று எலும்பு மருத்துவர் சொல்லலாம். பயப்பட வேண்டாம், அது பயன் தருகிற வைத்தியம்தான். சில நாளைக்குச் சர்க்கரை ஏறும், அதனால் அந்த வாரம் அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எவ்வளவு என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? தோள் இளகுவதற்கு என் கையைப் போலவே அந்த எண் குறைவதும் முக்கியம்.

கட்டுப் போடுகிறவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஆந்திராவில் இருக்கிற புத்தூரின் பெயரைப் பலகையில் போட்டு தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் எத்தனையோ இடத்தில் கட்டுப் போடுகிறார்கள். சாதாரணச் சுளுக்குக்கும் நகராத முறிவுக்கும் அவர்கள் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி நன்றாக ஆனவர்கள் ஏராளம், நான் மறுக்கவில்லை. ஆனால் குழந்தைகளின் முழங்கை மட்டும் அவர்களிடம் வேண்டாம். மாமரத்திலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ விழுகிற பிள்ளைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறியும். அந்த இடத்தில் கைக்குப் போகும் ரத்தக் குழாயும் நரம்புகளும் எலும்பை ஒட்டியே ஓடுகின்றன. இறுக்கிக் கட்டினால் முன்கைத் தசைக்கு ரத்தம் போகாது. ஆறு மணி நேரம் அப்படியே இருந்தால் தசை செத்துவிடும், பிறகு விரல்கள் மடங்கினபடியே வாழ்நாள் முழுக்க நின்றுவிடும். கட்டுப் போட்ட பிறகு பிள்ளை நிறுத்தாமல் அழுகிறதா, விரலை நிமிர்த்தினால் அலறுகிறதா, விரல் சில்லிட்டு நீலமாகிறதா? யாரிடமும் கேட்க வேண்டாம், கட்டை உடனே அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். அது நாட்டுக்கட்டாக இருந்தாலும் ஆஸ்பத்திரி மாவுக்கட்டாக இருந்தாலும் இதேதான்.

முழங்கையில் இன்னொன்றும் இருக்கிறது. அடிபட்ட முழங்கை மடங்கவில்லை என்று எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால், தசைக்குள்ளேயே எலும்பு முளைத்துவிடும். உண்மையாகவே எலும்புதான், எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். அதன் பிறகு அந்த முழங்கை பூட்டிக்கொள்ளும். உடம்பில் வேறு எந்த மூட்டையும்விட முழங்கைக்கு இந்தக் குணம் அதிகம். அடிபட்ட முழங்கையில் மசாஜ் கூடவே கூடாது. நாங்களும் செய்யமாட்டோம், பிள்ளை தானாக அசைத்துப் பழகுவதுதான் ஒரே வழி. அதுபோல, மாவுக்கட்டு பிரித்த பிறகோ அறுவைச் சிகிச்சைக்குப் பிறகோ ஒரு கால் மட்டும் கெண்டைக்காலில் வீங்கிச் சூடாக வலித்தால் தேய்க்காதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், தேய்த்தால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடும்.

இப்போது நம் மண்ணுக்கே உரிய ஒன்று. அப்பாவின் பல்லைப் பாருங்கள். பழுப்பாக, கோடு கோடாகக் கறை இருக்கிறதா? சிறு வயதிலிருந்து ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவரா? தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது குடிநீர்த் தரம். நம் ஊர்களில் பல கிணறுகள் அதைத் தாண்டியவை. இதற்காகவே காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் அதற்கு முன் நாற்பது வருடம் குடித்த ஃப்ளோரைடு எலும்பிலேயே தங்கியிருக்கிறது. அது எலும்பைத் தடிக்க வைக்கும், மூட்டைச் சுற்றியுள்ள நார்களைச் சுண்ணாம்பாக்கும். காலையில் எழுந்தால் முதுகு வளையாது, கழுத்து திரும்பாது, எல்லா மூட்டும் வலிக்கும். வாதம் என்று நினைத்து வருடக்கணக்கில் மசாஜ் செய்துகொண்டே இருப்பார்கள். முன்கையை ஒரு எக்ஸ்ரே எடுத்தால், இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கும் சவ்வு சுண்ணாம்பாகித் தெரியும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஃப்ளோரைடு ஏறிய முதுகெலும்பு மூங்கில் மாதிரி விறைத்திருக்கும், ஆனால் உடையக்கூடியது. உள்ளே தண்டுவடம் போகிற வழியும் குறுகியிருக்கும். இவர்களுக்கு யாராவது முதுகில் ஏறி மிதித்தாலோ, சலூனில் முடி வெட்டிவிட்டுக் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பி நெட்டி எடுத்தாலோ கைகால் செயலிழந்து போகலாம். கழுத்தில் நெட்டி எடுப்பது யாருக்குமே நல்லதல்ல, கழுத்து ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அது இரட்டை ஆபத்து. அப்பாவிடம் இதைத் தனியாகச் சொல்லிவையுங்கள். வீட்டில் இன்னும் போர் தண்ணீர்தான் குடிக்கிறீர்கள் என்றால், காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டுவதால் இன்னும் கூடும். குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீரையே பிடித்துவையுங்கள்.

அம்மாவின் முழங்கால் பற்றி இரண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், ஐம்பதைத் தாண்டியவர் என்று எடுத்துக்கொள்கிறேன். காலையில் கொஞ்ச நேரம் விறைத்து, நடந்தால் இளகி, படி இறங்கினால் வலிக்கிறது என்றால் அது தேய்மானம். தைலம் தேய்ப்பதால் கெடுதல் இல்லை, இரண்டு மணி நேரம் நிம்மதியாக இருப்பார். ஆனால் முழங்காலைக் காப்பது முன்தொடைத் தசை. நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, பத்துத் தடவை, காலையும் மாலையும். முதலில் உயரமான நாற்காலி, பழகப் பழக உயரத்தைக் குறைக்கலாம். படுத்துக்கொண்டு ஒரு காலை நீட்டியபடியே ஒரு சாண் தூக்கி ஐந்து எண்ணுவது இன்னொன்று. எடை அதிகம் என்றால், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறைகிறது, அதையும் சொல்லுங்கள். பூப்பறிக்கும்போது குந்தியே உட்காராமல் ஒரு சின்ன முக்காலி வைத்துக்கொள்ளட்டும். நடப்பதை நிறுத்தினால் மூட்டு மிச்சமாகும் என்பது தப்பு, தசை கரைந்து வலி இன்னும் கூடும்.

நீங்கள் ஓசூரில் கம்பெனி வேலை என்றீர்கள். உங்களுக்கே ஒருநாள் குறுக்குப் பிடித்துக்கொள்ளும், அன்றைக்கு உடனே எம்ஆர்ஐ எடுக்க ஓடாதீர்கள். வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களைப் படம் எடுத்துப் பார்த்தாலே பத்துப் பேரில் மூன்று பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருக்கும். பெரும்பாலான இடுப்பு வலி சில வாரங்களில் நடந்து நடந்தே சரியாகும். கால் பலமிழந்தாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அன்றே மருத்துவமனை. காய்ச்சலோடு முதுகு வலி வந்தாலும் அப்படித்தான்.

புளி உலுக்குகிற காலம் வந்தால் எனக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. மரத்திலிருந்து விழுந்தவரை நாலு பேர் ஓடிப்போய் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கிறார்கள், பிறகு வண்டியில் நடுவில் உட்காரவைத்து இரண்டு பேர் பிடித்துக்கொண்டு போகிறார்கள். முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்தப் பயணத்திலேயே தண்டுவடம் நசுங்கிவிடும். விழுந்தவரை அசைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் தலை, இடுப்பு, கால் மூன்றையும் மூன்று நாலு பேர் ஒரே நேரத்தில் மரக்கட்டை மாதிரி உருட்டி, ஒரு கதவுப் பலகையில் ஏற்றுங்கள். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு வேலூர் சிஎம்சியில் தனி மறுவாழ்வு மையமே இருக்கிறது. விபத்தில் தானே இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியிலிருந்தபடி அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸ் 1966-இல் தொடங்கியது அது. கிருஷ்ணகிரியிலிருந்து நேர் ரோடு.

எங்கே கூட்டிப்போவது என்று கேட்டீர்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் எலும்புப் பிரிவு, அங்கே எழுதிக் கொடுத்தால் பிசியோதெரபிப் பிரிவு. பணம் கட்ட வேண்டியதில்லை. பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறினால் காலை ஓபிக்கு வந்துவிடலாம். தினமும் வர முடியாது என்றால் வீட்டுப் பயிற்சியை எழுதி வாங்கிக்கொண்டு வாரம் ஒருமுறை வந்து காட்டினாலே போதும், ஃப்ரோசன் ஷோல்டருக்கு அதுதான் நடைமுறையில் ஒத்துவருகிறது. நடக்கவே முடியாமல் படுத்துவிட்டவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அப்பாவுக்கு இப்போது தேவையில்லை, ஆனால் ஊரில் பக்கவாதம் வந்து படுத்த யாராவது இருந்தால் சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்துவையுங்கள். தனியார் மையம் என்றால் பிபிடி என்கிற பிசியோதெரபிப் பட்டம் படித்தவரா என்று கேளுங்கள், நாலு வருடத்துக்கும் மேலான படிப்பு அது. முதல் நாளில் அவர் உங்கள் அப்பாவின் இரண்டு கையையும் அளந்து பார்க்கிறாரா, எவ்வளவு டிகிரி போகிறது என்று எழுதிவைக்கிறாரா என்று பாருங்கள். அளக்காதவருக்கு முன்னேற்றம் தெரியாது.

போகும்போது பழைய எக்ஸ்ரே, சர்க்கரைச் சீட்டு, சாப்பிடுகிற மாத்திரைகள் மூன்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். கட்டுப் போட்டவரிடம் என்ன செய்தார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் திட்டுவார் என்று அதை மறைக்க வேண்டாம்.

கடைசியாக, ஆயுத பூஜைச் சாமந்திக்குள் அப்பாவின் கை சரியாகிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். தலைக்கு மேல் முழுசாகப் போகாது, தம்பி. ராத்திரி வலி அதற்குள் நன்றாகக் குறைந்திருக்கும், இடுப்பு உயரத்தில் பூப்பறிக்கவும் கூடையை இடது தோளில் மாற்றிக்கொள்ளவும் முடியும். மருந்தடிக்கிற டேங்கை மட்டும் இந்த வருடம் வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.